கைக்குப் பழகிய ஆட்டம்

போன தீபாவளிக்கு மறுநாள் என் மூத்த மகன் என்னுடைய பழைய வீரா காடியை எடுத்துக்கொண்டு மாசாய் கடைத்தெருவுக்குப் போய் வந்தான். வழக்கமாக அவன் தன்னுடைய காடியில்தான் போவான். அன்று விருந்தாளி ஒருவரின் காடி அதை மறித்து நின்றது. திரும்பி வந்து சாவியை மேசையில் வைத்தவன் உட்காராமல் நின்றபடியே கேட்டான்: "அப்பா, இந்த ஸ்டேரிங்க வெச்சுக்கிட்டு எப்படிப்பா ஓட்டுறீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. ஐம்பது வருடமாகக் காடி ஓட்டுகிறேன். அதில் முப்பது வருடத்துக்கு மேல் வொர்க்‌ஷாப்பில் வேலை. "ஏன், நல்லாத்தானே இருக்கு?" என்றேன்.

"நேராப் போக மாட்டேங்குதுப்பா. ரெண்டு விரக்கட ஆடுது. மேடு பள்ளத்துல ஏறினா முன்னால டொக்கு டொக்குன்னு அடிக்குது. உங்களுக்குக் கேக்கலையா?"

கேட்கவில்லை. அதுதான் உண்மை. அவன் சொன்ன பிறகு அன்று சாயங்காலமே நான் தனியாகக் காடியை எடுத்துக்கொண்டு எங்கள் தாமானைச் சுற்றி வந்தேன். வேகத்தடையில் ஏறி இறங்கியபோது அந்த டொக்கு தெளிவாகக் கேட்டது. எத்தனை மாதமாக அடித்துக்கொண்டிருந்ததோ! நேர்ச்சாலையில் என் இரண்டு கைகளும் இடைவிடாமல் சின்னச் சின்னதாகத் திருத்திக்கொண்டே இருந்ததை முதல் தடவையாகக் கவனித்தேன். காடி கொஞ்சம் இடது பக்கம் சாயும், கை கொஞ்சம் வலது பக்கம் இழுக்கும். அது விலகும், இது சரிசெய்யும். காடியின் குறையை என் கைகள் எனக்குத் தெரியாமலே சுமந்து வந்திருக்கின்றன.

அன்றிரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. தேய்மானம் ஒரே நாளில் வந்திருந்தால் நானே கண்டுபிடித்திருப்பேன். அது முடியளவு முடியளவாக வந்தது. ஒவ்வொரு நாளும் அந்த முடியளவுக்கு என் கை பழகிக்கொண்டது. நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் இல்லை. நேற்றைக்கும் முந்தாநாளுக்கும் இல்லை. இப்படியே மூன்று வருடம் ஓடியிருக்கிறது. மகனின் கை புதுக்கை. அதனால் அதற்கு ஐந்தே நிமிடத்தில் தெரிந்துவிட்டது.

இந்த வயதில் நான் எழுத நினைத்தது இதைப் பற்றித்தான். காடியின் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் மூட்டுகள் எப்படித் தேய்கின்றன, வீட்டிலேயே அதை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படி மாற்றுவது என்பதை இளையவர்களுக்குச் சொல்லிவைக்க வேண்டும். கூடவே எனக்குத் தெரியாமல் போனது எப்படி என்பதையும் சொல்ல வேண்டும்.

நான் பிறந்தது குளுவாங் பக்கம் ஒரு கித்தாத் தோட்டத்தில். 1970-ல், பதினாறு வயதில், தோட்டத்து வொர்க்‌ஷாப்பில் எடுபிடியாகச் சேர்ந்தேன். லேண்ட் ரோவர், மாஸி பெர்குசன் டிராக்டர், ரப்பர் பால் ஏற்றும் லோரி எல்லாம் அங்கே வரும். எங்களுக்குப் பெரிய ஃபிட்டராக இருந்தவரை எல்லாரும் பெரியண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு வலது கையில் இரண்டு விரல்களுக்கு நுனி கிடையாது. ஜேக் சரிந்து டிராக்டர் இறங்கியபோது போனவை. மிச்சமிருந்த விரல்களால் அவர் கேட்டது மாதிரி நான் காதால்கூடக் கேட்டதில்லை. "கண்ணால பாத்தா எல்லாம் நல்லாத்தான்டா இருக்கும். கைய வெச்சுக் கேளு" என்பார். சனிக்கிழமை மத்தியானம் கிரீஸ் துப்பாக்கியோடு ஒவ்வொரு மூட்டாகப் போவது என் வேலை. அந்தக் காலத்து மூட்டுகளுக்குக் கிரீஸ் ஏற்ற ஒரு சின்னக் குமிழ் இருக்கும். பழைய அழுக்குக் கிரீஸ் விளிம்பில் பிதுங்கி வெளியேறி, புதுசு நிறம் தெரியும்வரை அழுத்த வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு மூட்டையும் ஒரு மனிதக் கை தொட்டுவிடும். இன்றைய காடிகளில் பெரும்பாலும் அந்தக் குமிழே இல்லை. கிரீஸை உள்ளே வைத்து, ரப்பர் உறை போட்டு மூடிவிடுகிறார்கள். பராமரிப்பு வேண்டாம் என்பது வசதிதான். ஆனால் யாரும் தொடாமலே போய்விட்டது என்பதும் அதோடு சேர்ந்து வந்த விளைவு.

முன்சக்கரம் எப்படி நிற்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 1985-ல் வந்த புரோட்டோன் சாகா, 1993-ல் வந்த வீரா, 1994-ல் வந்த பெரோடுவா கஞ்சில், பிறகு வந்த மைவி என்று நம் சின்னக் காடிகள் எல்லாவற்றிலும் முன்பக்கம் ஒரே ஏற்பாடுதான். மேலிருந்து ஸ்பிரிங்கோடு சேர்ந்த அப்சோர்பர் ஒரு தூண் போல இறங்கிச் சக்கரத்தின் பிடியைப் பிடிக்கிறது. கீழிருந்து லோவர் ஆர்ம் ஒரு முழங்கை போல நீண்டு அதே பிடியின் அடிப்பக்கத்தைப் பிடிக்கிறது. பக்கத்திலிருந்து டை ராட் வந்து, நாம் ஸ்டேரிங்கைத் திருப்பும்போது சக்கரத்தை இழுக்கிறது, தள்ளுகிறது. ஏர்ல் மெக்பெர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1940-களில் உருவாக்கிய அமைப்பு இது. 1950-ல் இங்கிலாந்தில் அறிமுகமான போர்டு கான்சல், செபியர் காடிகளில் வந்து, சிக்கனமாகவும் இடம் அடைக்காமலும் இருந்ததால் உலகமெங்கும் பரவியது.

லோவர் ஆர்ம் சக்கரத்தைத் தொடும் இடத்தில் இருப்பது பால் ஜாயிண்ட். டை ராட் சக்கரத்தைத் தொடும் இடத்தில் இருப்பது டை ராட் எண்ட். இரண்டும் நம் இடுப்பு மூட்டு மாதிரிப் பந்துக்கிண்ண மூட்டுகள். கிண்ணத்துக்குள் பந்து எல்லாப் பக்கமும் சுழல வேண்டும், ஆனால் துளியும் ஆடக் கூடாது. அவ்வளவுதான் அதன் கடமை. லோவர் ஆர்மின் மறுமுனை காடியின் உடம்போடு சேரும் இடத்தில் ரப்பர் புஷ்கள் இருக்கும். அவை முறுகிக் கொடுத்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும்.

பந்துக்கிண்ணத்தின் மேல் இருக்கும் ரப்பர் உறை கிழிந்த நாளிலிருந்து அந்த மூட்டுக்கு ஆயுள் எண்ணப்படுகிறது. அதிலும் ஜொகூரில் கேட்கவே வேண்டாம். தோட்டத்துச் செம்மண் மாவு போல நுண்மையானது. கிழிசல் வழியே உள்ளே போனால் கிரீஸோடு குழைந்து, சாணைக்கல் பொடியாக வேலை செய்கிறது. ஆண்டுக் கடைசியில் வடகிழக்குப் பருவமழை வேறு. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி இரண்டு முறை மூழ்கியதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், 2023 மார்ச்சில் யோங் பெங், பத்து பகாட் பக்கம் தண்ணீர் வடிய எத்தனை நாள் ஆனது என்பதும் தெரியும். அந்த வெள்ளத்தில் நின்ற காடிகளுக்கு மெத்தையையும் இன்ஜினையும் காயவைத்தார்கள். முன்சக்கர மூட்டுகளுக்குள் போன சேற்றுத் தண்ணீரைப் பலரும் நினைக்கவில்லை. இரும்புப் பந்தின் பளபளப்பில் துருப்புள்ளி விழுந்துவிட்டால், பிறகு ஒவ்வொரு திருப்பமும் கிண்ணத்தை அரிக்கும். செம்பனை லோரிகள் ஓடும் சாலைகளின் பள்ளங்கள் மிச்ச வேலையைச் செய்துவிடும்.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். நம் நாட்டில் சொந்தக் காடிக்கு ஆண்டுதோறும் கட்டாயப் பரிசோதனை கிடையாது. பெயர் மாற்றும்போது புஸ்பாகோம் போன்ற பரிசோதனை நிலையத்துக்குப் போனால் போவோம், இல்லையென்றால் இல்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் மூன்று வயது தாண்டிய காடியை இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும், பத்து வயது தாண்டினால் வருடா வருடமும் பரிசோதிக்கிறார்கள். இங்கே இருபத்தைந்து வயதுக் காடியையும் யாரும் கேட்பதில்லை. அதனால் கேட்கிற பொறுப்பு வீட்டுக்காரனுடையது.

மறுவாரம் ஞாயிற்றுக்கிழமை, பசியாறிவிட்டு, மனைவியைக் கூப்பிட்டேன். "நீ வந்து ஸ்டேரிங்ல உக்காரு" என்றேன். அவளுக்குக் காடி ஓட்டத் தெரியாது. "நான் எதுக்கு?" என்று ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். இந்த வேலைக்கு இரண்டு பேர் கட்டாயம் வேண்டும். ஸ்டேரிங்கை ஆட்டுகிறவனுக்கு எங்கே தேய்ந்திருக்கிறது என்று தெரியாது. மூட்டில் கை வைத்திருக்கிறவனால் ஸ்டேரிங்கை ஆட்ட முடியாது.

நான்கு சக்கரமும் தரையில் இருக்க, கைபிரேக்கை இழுத்து, இன்ஜினைப் போடாமல் சாவியை மட்டும் ஒரு படி திருப்பி ஸ்டேரிங் பூட்டை விடுவித்தேன். முன்சக்கரத்துக்குப் பின்னால் கையை நீட்டி டை ராட் எண்டை உள்ளங்கையால் பொத்திக்கொண்டேன். "லேசா இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டு. முழுசாத் திருப்பாத" என்றேன். அவள் ஆட்டினாள். வலது பக்கம் ஒன்றுமில்லை. தண்டும் பிடியும் ஒரே உடம்பாக நகர்ந்தன. இடது பக்கம் வந்து கை வைத்தேன். அவள் ஆட்டிய ஒவ்வொரு முறையும் என் உள்ளங்கையில் டக், டக் என்று ஒரு தட்டு. தண்டு முதலில் நகர்கிறது, அரைக்கணம் கழித்துத்தான் சக்கரத்தின் பிடி நகர்கிறது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. பெரியண்ணன் பக்கத்தில் நிற்பது போல இருந்தது.

சக்கரம் பாரத்தோடு தரையில் நிற்கும்போது டை ராட் எண்டைச் சோதிப்பதுதான் சரி. லோவர் ஆர்ம் பால் ஜாயிண்டுக்கு மட்டும் சக்கரத்தைத் தூக்க வேண்டும். ஜேக்கால் தூக்கி, ஸ்டாண்டில் உட்காரவைத்த பிறகு, சக்கரத்தைக் கடிகாரமாக நினைத்துக்கொண்டு 12 மணியிலும் 6 மணியிலும் பிடித்து உள்ளும் புறமும் ஆட்டினேன். ஆட்டம் இருந்தது. அது பால் ஜாயிண்டாகவும் இருக்கலாம், சக்கரத்தின் பேரிங்காகவும் இருக்கலாம். "பிரேக்க அழுத்திப் பிடி" என்றேன் மனைவியிடம். பிரேக் பிடித்தால் சக்கரமும் அதன் பிடியும் ஒன்றாகிவிடும், பேரிங்கின் ஆட்டம் மறைந்துவிடும். மறையவில்லை. ஆக, பால் ஜாயிண்ட். டார்ச் அடித்துப் பார்த்தால் ரப்பர் உறை வெடித்து, உள்ளே கிரீஸ் இருந்த இடத்தில் செம்மண் நிறத்தில் ஒரு பசை. அதே ஆர்மின் பின் புஷ்ஷில் விரல் நுழையும் அளவுக்கு விரிசல். டொக்கு டொக்கு என்ற சத்தத்துக்கு அதுவும் பங்காளி.

9 மணி, 3 மணி திசையில் பிடித்து ஆட்டினால் டை ராட் சங்கதி தெரியும். வெளியே இருக்கும் எண்ட் நன்றாக இருந்தும் ஆட்டம் வந்தால் உள்ளே இருக்கும் ரேக் எண்டைச் சந்தேகிக்க வேண்டும். அது மடிப்பு மடிப்பான ரப்பருக்குள் மறைந்திருக்கும். அந்த ரப்பரை வெளியிலிருந்தே அழுத்திப் பிடித்து, உள்ளே பந்து குதிக்கிறதா என்று விரலால் கேட்கலாம். டயரையும் தடவிப் பார்க்க வேண்டும். ஒரு பக்கமாகக் கையை இழுத்தால் வழுவழுப்பு, எதிர்ப்பக்கம் இழுத்தால் ரம்பப்பல் மாதிரிக் கீறல் என்றால் சக்கரம் சாய்ந்து இழுபட்டு ஓடியிருக்கிறது. டயர் அங்கங்கே குழிகுழியாகத் தேய்ந்திருந்தால் அப்சோர்பர் செத்திருக்கும். என் இடது டயரில் ரம்பப்பல் இருந்தது.

இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. முந்தின வருடம் இதே டயர்த் தேய்மானத்துக்காக ஒரு வொர்க்‌ஷாப்பில் இரண்டு தடவை அலைன்மெண்ட் பிடித்துக் காசு கொடுத்தேன். கணினித் திரையில் எல்லா எண்ணும் பச்சை நிறத்தில் வந்தது. ஒருவரும் மூட்டை ஆட்டிப் பார்க்கவில்லை, நானும் ஆட்டச் சொல்லவில்லை. தேய்ந்த டை ராட் எண்டை வைத்துக்கொண்டு அலைன்மெண்ட் பிடிப்பது ஆடுகிற முளையில் மாட்டைக் கட்டுவது போல. கயிறு எத்தனை புதிதாக இருந்தால் என்ன?

சாமான் வாங்கும் கடைக்காரர் சீனர். முப்பது வருடப் பழக்கம். "அண்ணே, ஒரிஜினலா, தைவானா, சீனாவா?" என்று மலாயில் கேட்டார். மெத்தை உறையில் சிக்கனம் பிடிக்கலாம், கதவுக் கைப்பிடியில் பிடிக்கலாம். அறுந்தால் சக்கரம் மடங்கிவிடும் என்ற சாமானில் சிக்கனம் பிடிக்கக் கூடாது என்பது என் கொள்கை. ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி இறக்கும் ஹாஃப் கட் கடைகளில் இன்ஜின் வாங்கலாம், கியர்பெட்டி வாங்கலாம். பால் ஜாயிண்ட் வாங்கக் கூடாது. வேறொருவன் தேய்த்ததை நீ காசு கொடுத்து வாங்குகிறாய். சில காடிகளில் பால் ஜாயிண்டைத் தனியாக மாற்றலாம். ஆர்மின் புஷ்ஷும் கிழிந்திருக்கும்போது முழு ஆர்மாகவே மாற்றுவதுதான் புத்தி.

வேலை தொடங்குமுன் தரையைப் பாருங்கள். நம் வரிசை வீடுகளின் முன்தளம் மழைத்தண்ணீர் வடிய வாசல் பக்கம் சரிவாக இருக்கும். கண்ணுக்குச் சமமாகத்தான் தெரியும். ஒரு கோலிக்குண்டை வைத்தால் உருண்டு ஓடும். பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்தேன். ஜேக் தூக்குவதற்கு மட்டும், தாங்குவதற்கு ஸ்டாண்ட். ஸ்டாண்டையும் முழுசாக நம்பாமல், கழற்றிய சக்கரத்தைப் படுக்கைவாட்டில் காடியின் அடியில் தள்ளி வைத்தேன். தார்ச்சாலையில் இந்த வேலை வேண்டாம். மத்தியான வெயிலில் தார் இளகி, ஸ்டாண்டின் கால் ஒரு பக்கமாக இறங்கும். பெரியண்ணனின் விரல்களை நினைத்துக்கொண்டுதான் நான் இன்றும் காடிக்கடியில் படுக்கிறேன்.

வேலை செய்த நாளுக்கு முந்தின இரவே நட்டுகளில் துரு எண்ணெய் அடித்து ஊறவிட்டிருந்தேன். டை ராட் எண்டைக் கழற்றும் முன் அதன் பூட்டு நட்டைக் கால் சுற்று மட்டும் தளர்த்தி, இருந்த இடத்தில் வெள்ளைச் சாயத்தால் ஒரு கோடு போட்டேன். காட்டர் பின்னை உருவி, கோட்டை மதில் போன்ற நட்டைக் கழற்றி, முழுசாக எடுத்துவிடாமல் நுனியில் நாலு மரையில் விட்டுவைத்தேன். அதன் பிறகுதான் சுத்தியல். அடி மரையின் மேல் விழக் கூடாது. தண்டு நுழைந்திருக்கும் பிடியின் கண் பகுதியில், பக்கவாட்டில், கனமான சுத்தியலால் ஓங்கி இரண்டு அடி. கூம்பு வடிவத் தண்டு பட்டென்று விடும். விட்டதும் கீழே விழாமல் அந்த நட்டு தாங்கிக்கொள்ளும். பழைய எண்டைச் சுற்றிச் சுற்றிக் கழற்றும்போது எண்ணினேன். பத்தொன்பது சுற்று. புதியதை அதே பத்தொன்பது சுற்று ஏற்றினேன். அந்தக் கோட்டை நட்டை முறுக்கியபோது காட்டர் பின் துளை சரியாக வரவில்லை. அப்படி வராவிட்டால் அடுத்த வாய்க்கு முன்னோக்கி இறுக்க வேண்டும். துளைக்காக ஒருபோதும் பின்னோக்கித் தளர்த்தக் கூடாது. பழைய பின்னை நிமிர்த்தித் திரும்பப் போடவும் கூடாது.

லோவர் ஆர்மைக் கழற்றும்போது சக்கரப் பிடி வெளிப்பக்கம் சாயும். சாயவிட்டால் டிரைவ் ஷாஃப்ட் உள்மூட்டிலிருந்து உருவிக்கொள்ளும், பிரேக் குழாய் இழுபடும். அதனால் முதலிலேயே கம்பியால் காடியின் உடம்போடு கட்டிவிட்டேன். மற்றபடி அது போல்ட்டும் வியர்வையும்தான்.

ஆனால் ஒரு இடத்தில் நிதானிக்க வேண்டும். புதிய ஆர்மின் புஷ் போல்ட்டுகளைக் காடி ஸ்டாண்டில் தொங்கும்போது கடைசி இறுக்கு இறுக்கக் கூடாது. தொங்கும்போது ஆர்ம் கீழ்நோக்கிச் சரிந்திருக்கும். அந்த நிலையில் இறுக்கினால் ரப்பர் அந்தக் கோணத்தையே தன் இயல்பு என்று பிடித்துக்கொள்ளும். காடியை இறக்கி, பாரம் ஏறி, ஆர்ம் மேலே வந்ததும் ரப்பர் முறுகியே நிற்கும். சும்மா நிற்கும்போதும் முறுக்கு, ஓடும்போது அதற்கு மேல் முறுக்கு. சில மாதத்தில் கிழிந்துவிடும். அதனால் போல்ட்டைக் கையிறுக்கத்தில் விட்டு, பால் ஜாயிண்டுக்குக் கீழே ஜேக்கை வைத்து, ஸ்டாண்டிலிருந்து காடி எழும்பத் தொடங்கும்வரை தூக்கி, பாரம் முழுதும் ஆர்மின் மேல் வந்த பிறகே கடைசி இறுக்கு.

இதை நான் இழந்துதான் கற்றேன். 1991-ல் என்னுடைய முதல் சாகாவில் தொங்கும்போதே இறுக்கிவிட்டு, நாலு மாதத்தில் கிழிந்ததும் ரப்பரைத் திட்டினேன். பாசிர் கூடாங்கில் என்னோடு வேலை பார்த்த மலாய்க்கார போமன் ஒருவர்தான் தரையில் குந்தி, ஒரு அட்டையை முறுக்கிக் காட்டி விளக்கினார்.

இந்தத் தடவை அந்த போல்ட்டை முறுக்கும்போது என் மகன் நினைவு வந்தது. 2009-ல் அவன் சிங்கப்பூர் வேலைக்குக் கிளம்பினான். பையைக் கையில் பிடித்து வாசலில் நின்ற நேரத்தில், வெள்ளிக்கிழமை ராத்திரி தவறாமல் வீட்டில் இருக்க வேண்டும், சம்பளத்தில் இத்தனை வெள்ளி என் கையில் வர வேண்டும் என்று எல்லாவற்றையும் இறுக்கி வைத்தேன். அவன் அங்கே எத்தனை மணி நேரம் வேலை செய்வான், பாலத்தில் எத்தனை மணி நேரம் நிற்பான், அறை வாடகை என்ன என்று எதுவும் அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பாரம் இன்னும் இறங்கியிருக்கவில்லை. மூன்றாவது மாதமே பேச்சு முறிந்தது. எட்டு மாதம் அவன் வீட்டுக்கு வரவில்லை. கொஞ்ச நாள் பொறுத்து, அவன் வாழ்க்கை தரையில் ஊன்றிய பிறகு அதே விஷயங்களைப் பேசியிருந்தால் பாதியாவது நின்றிருக்கும். அந்த எட்டு மாதம் இன்றும் எனக்கு வலிக்கிறது.

வீட்டில் செய்யக் கூடாத வேலை ஒன்று உண்டு. அப்சோர்பரில் எண்ணெய் கசிந்தால், காடியின் மூலையை அமுக்கி விட்டதும் அது ஒரு முறை எழும்பி நிற்காமல் மேலும் மேலும் ஆடினால், மாற்றத்தான் வேண்டும். இரண்டு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டும். ஆனால் அதைச் சுற்றியிருக்கும் ஸ்பிரிங் அமுங்கிய நிலையில் இருக்கிறது. மேல் நட்டைத் தெரியாமல் கழற்றினால் அது ஆளைக் கொல்லும். அமுக்கும் கருவி வாடகைக்குக் கிடைக்கிறது என்று சொல்வார்கள். நான் முப்பது வருடம் இந்தத் தொழிலில் இருந்தவன், என் வீட்டில் அதைச் செய்வதில்லை. மொத்தமாகக் கழற்றி, சரியான கருவி வைத்திருக்கும் வொர்க்‌ஷாப்பில் கொடுத்து மாற்றிக்கொண்டு வாருங்கள். தெரியும் என்பதற்காக எல்லாவற்றையும் செய்ய வேண்டியதில்லை.

சாயங்காலம் நாலு மணிக்கு வேலை முடிந்தது. மெதுவாக ஓட்டிக்கொண்டு போய் அலைன்மெண்ட் பிடித்தேன். பத்தொன்பது சுற்று எண்ணினாலும் புதுச் சாமானின் நீளம் பழையதைப் போல் அச்சாக இருக்காது, அதனால் இந்தச் செலவு தவிர்க்க முடியாதது. பிறகு மனைவியை ஏற்றிக்கொண்டு உலு திராம் வழியாகக் கோத்தா திங்கி சாலையில் கொஞ்ச தூரம் போனேன். முதல் பத்து நிமிடம் எனக்குக் காடி ஓட்டவே சிரமமாக இருந்தது. மூன்று வருடமாகத் திருத்திப் பழகிய கை, திருத்த ஒன்றும் இல்லாதபோதும் திருத்திக்கொண்டே இருந்தது. நேராகப் போகிற காடியை நான்தான் வளைத்தேன். கையைத் தளரவிட, அது தானே நேர்க்கோட்டில் ஓடியது.

திரும்பும்போது இருட்டிவிட்டது. எதிரே வந்த விளக்குகளைச் சுற்றி வட்டம் வட்டமாக ஒளி. இந்தக் காலத்து எல்.இ.டி விளக்குகள் அப்படித்தான் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று அதை மனைவியிடம் கேட்டேன். "உனக்கும் அந்த வட்டம் தெரியுதா?" தெரியவில்லை என்றாள். அந்த வாரமே கண் மருத்துவரிடம் போனேன். இடது கண்ணில் நன்றாக முற்றிய புரை. வலது கண்ணில் தொடக்கம். "எத்தனை நாளா இப்படி இருக்கு, ஐயா?" என்று டாக்டர் கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. மகன் ஒரு வருடத்துக்கு முன்பே, "ராத்திரில ஓட்டாதீங்கப்பா" என்று சொல்லியிருந்தான். நான் கோபித்துக்கொண்டேன். இடது கண்ணுக்கு டிசம்பரில் அறுவை நடந்தது. கட்டைப் பிரித்த அன்று வீட்டுச் சுவரின் வெள்ளை எனக்குப் புதிதாகத் தெரிந்தது. அதைப் பழுப்பு என்றே இத்தனை நாள் பார்த்திருக்கிறேன்.

சீனப் பெருநாள் விடுமுறைக்கு மகன் வந்தான். நான் சொல்லாமலே வீராவின் சாவியை எடுத்துக்கொண்டு ஒரு சுற்று போய் வந்தான். வந்தவன் ஒன்றும் சொல்லாமல் சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, அட்டை ஒன்றைத் தரையில் விரித்து இடது முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் படுத்தான். எட்டு வயதில் எனக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவன். எங்கே கை வைக்க வேண்டும் என்று மறக்கவில்லை.

"ஏறி உக்காருங்கப்பா. லேசா ஆட்டுங்க."

சாவியை ஒரு படி திருப்பி, ஸ்டேரிங்கை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டினேன். கீழே சத்தமில்லை. என்னால் பார்க்கவும் முடியவில்லை. அவன் கால் இரண்டும் மட்டும் தெரிந்தன.

"என்னப்பா, ஏதாச்சும் இருக்கா?" என்றேன்.

"இருங்க. இன்னொரு தடவ ஆட்டுங்க."